கேமரா திரும்பிப் போகாத 14 ஆண்டுகள்

‘விடாமுயற்சி வெற்றி தரும்’ என்று பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதியிருக்கும். அதைப் படித்துத்தான் நாமும் வளர்ந்தோம். ஆனால் நம்மிடம் அந்தச் சொல் பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டாகவே வந்து சேர்ந்திருக்கிறது: உங்கள் பிள்ளைகள் முயலவில்லை, அதனால் முன்னேறவில்லை என்று. திரைப்படக் கலையில் விடாமுயற்சி என்னதான் செய்கிறது என்பதை ஒரு படத்தை வைத்தே பார்ப்போம், தோழர்களே.

1997 ஜூலை 11. மும்பை காட்கோபர் ரமாபாய் நகரில் அண்ணலின் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. கொதித்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. 10 பேர் மாண்டார்கள். சில நாள்களில், அந்தத் துயரம் தாளாமல் மக்கள் பாடகர் விலாஸ் கோக்ரே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1985-இல் வந்த ‘பாம்பே அவர் சிட்டி’ ஆவணப்படத்தில் பாடியவர் அவர். அந்தப் படத்தை எடுத்த ஆனந்த் பட்வர்த்தன், தன் தோழரைத் தேடிக் கேமராவோடு போனார். 2011-இல்தான் அந்த வேலை ‘ஜெய் பீம் காம்ரேட்’ என்ற படமாக முடிந்தது.

14 ஆண்டுகள் என்ன தந்தன? முதலாவது, வழக்கின் முழு வடிவம். கூட்டம் எரிவாயு டேங்கரைக் கொளுத்தப் பார்த்தது, அதனால் சுட்டோம் என்றது போலீஸ். அந்தக் கூற்றைப் படம் நிதானமாகச் சோதிக்கிறது. சுட உத்தரவிட்ட அதிகாரிக்கு 2009-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. பிறகு ஜாமீனும் கிடைத்தது. 1998-இல் முடிந்திருந்தால் அது ஒரு படுகொலையைப் பற்றிய படம். காத்திருந்ததால் நீதி எப்படி நடக்கிறது என்பதைப் பற்றிய படமாயிற்று. இரண்டாவது, பாட்டின் தொடர்ச்சி. கோக்ரேயின் குரல் அடங்கியபின் வந்த கபீர் கலா மஞ்ச் இளைஞர்களும் படத்துக்குள் வந்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பட்வர்த்தன் தலித் அல்லர். காத்திருக்க அவரால் முடிந்தது. மறுநாள் கூலிக்குப் போகவேண்டிய நம் பிள்ளையிடம் ‘14 ஆண்டு பொறுத்திரு’ என்று சொல்வது அறிவுரை ஆகாது. ஆனால் அவர் வேலை செய்த முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். அவரே படம்பிடித்தார், அவரே படத்தொகுப்பு செய்தார், அவரே தயாரித்தார். கெடு வைக்கும் முதலாளி இல்லை. செலவைச் சுருக்கியதால் காலத்தை நீட்ட முடிந்தது.

தனி ஆளால் முடியாததை அமைப்பு செய்யலாம். நாலு பேருக்குப் பொதுவாக ஒரு கேமரா. ஒருவர் வேலைக்குப் போகும் நாளில் இன்னொருவர் நீதிமன்ற வாய்தாவுக்குப் போகட்டும். எடுத்த பதிவுகளில் தேதியும் ஊரும் எழுதி, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். செய்தி வண்டிகள் கிளம்பிப் போன பிறகும் நம் தெருவில் வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதை எடுக்க நம்மில் ஒருவராவது அங்கே நிற்கவேண்டும்.