முதல் விரல் யாருடையது?

சித்திரை பிறப்பதற்குள் கொடைக்கானலில் அறை பிடித்தாக வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் எழுதப்படாத கெடு. இ-பாஸ் வந்தபின் அந்தக் கெடு இன்னும் நெருக்குகிறது. 2024 மே 7 முதல் பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி மலையேற முடியாது என்றானது. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் முடிய வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று சென்னை உயர் நீதிமன்றம் கணக்கும் போட்டது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நாலு புரோக்கர்களிடம் பேரம் பேசி, மூன்று காட்டேஜ் ஏறி இறங்கி ஒன்றைப் பிடிக்கிற பழைய வழக்கத்துக்கு இப்போது தனித் தைரியம் வேண்டும். பெரும்பாலானோர் வீட்டு ஹாலில் உட்கார்ந்தபடி செல்போனில் நட்சத்திரம் எண்ணுகிறார்கள்.

வாசகர் கடிதங்களும் அதைப் பற்றித்தான். ‘4.1 போதுமா, 4.6 இருக்க வேண்டுமா’ என்கிற ரகத்தை விட்டுவிடலாம். உண்மையான குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு விடுதியின் ஜன்னல் காட்சியைப் புகழ்ந்து எழுதிய ரிவ்யூவுக்கு நாற்பது கட்டைவிரல். அதனால் அது உச்சியில் நிற்கிறது. ‘வெந்நீர் காலை 7 முதல் 9 வரைதான்’ என்று எழுதியவருக்கு ஒரு விரலும் விழவில்லை. அவர் எங்கோ பாதாளத்தில் கிடக்கிறார். டிசம்பர் பனியில் பச்சைத் தண்ணீரில் குளித்தபிறகுதான் பாதாளம்வரை இறங்கிப் பார்த்ததாக ஒரு வாசகர் எழுதுகிறார். கூடவே ஒரு கேள்வி: ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் மதிப்பெண் போட விடுவதே தப்பில்லையா?

கேள்வி அறையோடு நிற்பதில்லை. பயணக் குழு, சமையல் குழு, அடுக்குமாடி வாசிகளின் குழு என்று நாலு பேர் எழுதிப் பேசும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும்.

தளங்கள் தரும் விளக்கம் கேட்க அழகாக இருக்கும்: பயனுள்ளதைச் சமூகமே மேலே கொண்டுவருகிறது. கொஞ்சம் உரித்துப் பார்த்தால், ‘சமூகம்’ என்பது அன்றைக்கு அந்தப் பக்கத்தைத் திறந்த சிலர். ‘பயனுள்ளது’ என்றால் விரல் விழுந்தது என்று அர்த்தம். விரல் எதன்மேல் விழும்? கண்ணில் முதலில் படுவதன்மேல். கண்ணில் முதலில் படுவது எது? ஏற்கெனவே விரல் வாங்கியது.

தமிழர்களுக்கு இது புதுக் கதையும் இல்லை. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியில் வலைப்பதிவுகளுக்கு வாசகர் வாக்குப் போடும் பட்டை பின்னாளில் வந்தது. அந்தக் காலத்துப் பதிவுகளின் பின்னூட்டங்களைப் புரட்டினால் ‘த.ம. 3’, ‘த.ம. 4’ என்று கையெழுத்துப் போல விழுந்திருக்கும். தமிழ்மணத்தில் மூன்றாவது ஓட்டு என்னுடையது, நான்காவது என்னுடையது என்று அறிவிப்பு. எதற்கு அறிவிக்க வேண்டும்? நாளைக்கு என் பதிவுக்கும் நீங்கள் வந்தாக வேண்டுமே. பதிவர்களே இதற்கு வைத்த பெயர் மொய். ‘மைனஸ் ஓட்டு’ குத்தியது யார் என்று துப்பறிந்து எழுதப்பட்ட பதிவுகளும் உண்டு. அவற்றுக்கும் ஓட்டு விழுந்தது.

மொய் என்ற சொல்லை விளையாட்டுக்கு வைத்திருந்தாலும், இயந்திரத்தின் நாடியை அது சரியாகப் பிடித்துவிட்டது. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து விசேஷ வீடுகளில் மைக்கில் மொய் வாசிப்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். முதல் பெயரோடு ‘ஐயாயிரத்து ஒன்று’ என்று வந்தால், வரிசையில் ஐந்நூறோடு நிற்பவர் பர்ஸை மறுபடி திறப்பார். முதல் பெயர் ‘நூற்றி ஒன்று’ என்றால் அவர் நிம்மதியாக நகர்வார். சாப்பாடு இரண்டு பந்தியிலும் ஒன்றேதான்.

இதை ஆய்வுக்கூடக் கறாரோடு நிரூபித்துக் காட்டியவர்கள் மூவர்: ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் லெவ் முச்னிக், எம்.ஐ.டி.யின் சினான் ஆரல், அப்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இருந்த ஷான் டெய்லர். ‘சயன்ஸ்’ இதழில் 2013-இல் வெளியான அவர்களது சோதனை இப்படி நடந்தது. உறுப்பினர்கள் செய்தி இணைப்புகளைப் பகிர்ந்து, கருத்து எழுதி, ஒருவர் கருத்துக்கு ஒருவர் மேலே, கீழே என்று விரல் காட்டும் தளம் அது. ஐந்து மாதத்தில் எழுதப்பட்ட 1,01,281 கருத்துகளில் சிலவற்றை யோசிக்காமல், சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத் தேர்ந்து, எழுதிய உடனே ஒரே ஒரு மேல்விரலைப் பொய்யாக வைத்தார்கள். வேறு சிலவற்றுக்கு ஒரு கீழ்விரல். மற்றவற்றைத் தொடவில்லை. ஒரு விரல், அவ்வளவுதான்.

பொய் மேல்விரல் வாங்கிய கருத்துக்கு, அடுத்து வந்த முதல் ஆளே மேல்விரல் காட்டும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, அந்தக் கருத்துகளின் சராசரி மதிப்பெண் 25 சதவீதம் உயர்ந்து நின்றது. கருத்தின் தரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தேர்ந்ததே குலுக்கல் முறையில்.

கவனிக்க வேண்டியது மறுபக்கம். பொய்யாகக் கீழ்விரல் வாங்கிய கருத்துகளைப் படித்தவர்கள், ‘அடப் பாவமே’ என்று மேல்விரல் வைத்துத் தூக்கிவிட்டார்கள். கடைசி மதிப்பெண்ணில் குறை மிஞ்சவில்லை. ஆக, அநியாயமாகத் திட்டினால் கூட்டம் திருத்துகிறது. அநியாயமாகப் புகழ்ந்தால் கூடச் சேர்ந்து கைதட்டுகிறது. அரசியல், கலாச்சாரம், வணிகம் ஆகிய தலைப்புகளில் இந்த மந்தைக் குணம் தெரிந்தது. பொருளாதாரம், கணினி போன்றவற்றில் அவ்வளவு தெரியவில்லை.

விடுதி எந்த வகை? ரசனையும் வணிகமும் கலந்த வகை. கொடைக்கானல் பக்கத்துக் கூக்காலிலோ மன்னவனூரிலோ புதிதாக ஒருவர் ஹோம்ஸ்டே திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து ரிவ்யூ யார் போடுவார்கள்? மாமன், மச்சான், டிசைன் போட்டுக்கொடுத்த தம்பி. தப்பென்றும் சொல்ல முடியாது. கடை திறந்தால் சொந்தக்காரர்தான் போணி பண்ணுவார். ஆனால் போணிக்கும் மொத்த வியாபாரத்துக்கும் இடையிலிருந்த சுவரை இந்த ஏற்பாடு எடுத்துவிடுகிறது. நாலு பேர் ஐந்து நட்சத்திரமும் ஒருவர் ஒற்றை நட்சத்திரமும் போட்டால் சராசரி 4.2. இருநூறு பேர் ஐந்து போட்டபிறகு அதே ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் சராசரி 4.98, யாரும் கவனிக்க மாட்டார்கள். முதல் வாரத்து நட்சத்திரத்துக்கும் மூன்றாம் வருடத்து நட்சத்திரத்துக்கும் விலை ஒன்றில்லை. விலை வித்தியாசம் இருக்குமிடத்தில் சந்தை வரும்.

வந்தும்விட்டது. ‘வீட்டிலிருந்தே வேலை, மேப்பில் ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் ஐம்பது ரூபாய்’ என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் வலையைத் தமிழ்நாட்டுக் காவல்துறையினர் சலிக்கச் சலிக்க எச்சரித்துவிட்டார்கள். ஐம்பதை முதலில் உண்மையிலேயே கொடுத்து, பிறகு ‘டாஸ்க்’ என்று லட்சங்களைப் பிடுங்குவது அதன் பாணி. இப்படிப் பகுதிநேர வேலை காட்டி மோசம் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட தளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது. பணம் பறிபோன கதை செய்தியாகிறது. தூண்டில் புழுவாகப் போடப்பட்ட அந்த நட்சத்திரங்கள்? அறையைக் கண்ணால் பார்க்காதவர்கள் போட்டவை அவை.

கூகுள் தன் பங்குக்கு, 2023-இல் விதிமீறிய ரிவ்யூக்கள் 17 கோடிக்கு மேல் நீக்கியதாக அல்லது தடுத்ததாகச் சொன்னது. பெரிய எண்தான். கொசு அடித்தவர் செத்த கொசுவின் கணக்கைக் காட்டுவதுபோல. அறைக்குள் இன்னும் எத்தனை பறக்கிறது என்பது அந்த எண்ணில் இல்லை.

மத்திய அரசின் பதில், இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட ஐ.எஸ். 19000 என்ற தர விதி. நேர்மை, துல்லியம், தனியுரிமை, பாதுகாப்பு, வெளிப்படைத்தன்மை, அணுகல், பதிலளித்தல் என்று ஏழு கொள்கைகள். விரும்பினால் பின்பற்றலாம் என்பது எட்டாவதாகச் சொல்லாமல் விட்டது. கட்டாயமாக்கும் வரைவு பற்றி 2024 மே மாதத்தில் நிறுவனங்களை உட்காரவைத்துப் பேசினார்கள். கொடைக்கானலின் ஏழு ரோடு சந்திப்பிலாவது ஒரு போலீஸ்காரர் நிற்பார்; இந்த ஏழுக்கு ஆளில்லை.

அப்படியானால் விரலையே எடுத்துவிடலாமா? அதற்கு முன் இதே ஊரின் இன்னொரு கதையைப் பார்க்க வேண்டும். இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கண்டெடுக்கப்பட்டபின் 2001-இல் மூடப்பட்டது. அதன்பின் தொழிலாளர்கள் மனு கொடுத்தார்கள், போராடினார்கள், 2006-இல் உயர் நீதிமன்றம் போனார்கள். வெளியூரில் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2015 ஜூலை கடைசியில் இதைப் பற்றிச் சென்னைப் பாடகி சோபியா அஷ்ரஃப் பாடிய ராப் காணொளி வந்தது. நிக்கி மினாஜின் மெட்டில் பாடப்பட்ட அதை நிக்கி மினாஜே பகிர்ந்தார். பார்வைகள் லட்சக்கணக்கில் எகிறின. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. காணொளியால் மட்டுமே நடந்தது என்பது மிகை. பத்தாண்டு வழக்குக்கும் பதினைந்தாண்டுப் போராட்டத்துக்கும் அது அநியாயம். ஆனால் அங்கேயும் வேலை செய்தது அதே இயந்திரம்தான். பெரிய இடத்து முதல் விரல் ஒன்று விழுந்தது, பின்னால் கூட்டம் வந்தது. ஹோம்ஸ்டேக்காரரின் மச்சானைத் தூக்கிவிடும் கை, பாதரசம் சுமந்தவர்களையும் தூக்கிவிட்டது.

ஆகவே விரல் இருக்கட்டும். எண்ணிக்கையை எப்போது காட்டுவது என்பதில்தான் சூட்சுமம். இதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். ரெட்டிட்டில் ஒரு குழுவை நடத்துபவர் விரும்பினால், புதுக் கருத்தின் மதிப்பெண்ணை ஒருநாள் வரை மறைத்துவைக்கலாம். ஏர்பிஎன்பி 2014 முதல், தங்கியவர் எழுதியதையும் வீட்டுக்காரர் எழுதியதையும் இருவரும் முடித்தபிறகோ 14 நாள் கழித்தோதான் திறந்து காட்டுகிறது; மொய்க் கவரை ஒட்டி வாங்குவதுபோல. ஸ்லாஷ்டாட் என்ற பழைய அமெரிக்கத் தளம் இன்னும் கறார். மதிப்பெண் போடும் உரிமை எல்லோருக்கும் எப்போதும் கிடையாது. சிலருக்குச் சில புள்ளிகள், சில நாள் கெடு. தான் பேசிய விவாதத்தில் தானே மதிப்பெண் போட முடியாது. போடும்போது ‘தகவல் உள்ளது’, ‘வேடிக்கை’, ‘வம்பு’ என்று காரணமும் சொல்ல வேண்டும். வெந்நீர்க்காரர் அந்த ஏற்பாட்டில் பிழைத்திருப்பார். ‘தகவல் உள்ளது’ என்று ஒருவர் குறித்திருந்தால் போதும், ஜன்னல் காட்சியோடு அவர் ஓட்டப்பந்தயம் ஓட வேண்டியதில்லை.

நம் பயணத் தளங்கள் இதையெல்லாம் செய்யாததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. எண்ணைப் பார்த்ததும் விரல் துறுதுறுக்கிறது. துறுதுறுக்கும் விரல் தளத்திலேயே தங்குகிறது.

மீதிக் கேள்விகள் சுருக்கமாக:

கீழ்விரலை மட்டும் எடுத்துவிடலாமா? நாலு செய்தித் தளங்களில் 2014-இல் நடந்த ஆய்வில், கீழ்விரல் வாங்கியவர்கள் வாயை மூடவில்லை. முன்னைவிட அதிகமாகவும் மோசமாகவும் எழுதினார்கள்.

யூடியூப் 2021-இல் கீழ்விரல் எண்ணிக்கையை மறைத்தது ஏன்? சின்னப் படைப்பாளிகளைக் காக்க என்றது நிறுவனம். யூடியூபின் சொந்த 2018 ஆண்டு நிறைவுக் காணொளிதான் கீழ்விரலில் சாதனை படைத்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.

நட்சத்திரம் அதிகம் என்றால் கட்டடத்துக்கு அனுமதி உண்டு என்று அர்த்தமா? இல்லை, விதிமீறிய கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவால் சீல் வைத்த ஊர் இது.

எந்த வரிசையில் படிப்பது? ‘புதியது முதலில்’ என்று மாற்றி, மூன்று நட்சத்திரக்காரர்களிடமிருந்து தொடங்கலாம்.

ஐம்பது ரூபாய் வேலைக்கு ஆள் கூப்பிட்டால்? போகாதீர்கள், பணம் போய்விட்டால் உடனே 1930.

அறைக்குப் பணம் கட்டுமுன்? விடுதிக்கே போன் போட்டு வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்று கேளுங்கள்.