திரும்பக் கேட்க முடியாத செய்தி

சரக்கு ரயில் வேகன்களின் மேல் 11 இலக்க எண் எழுதியிருப்பதை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். அதில் கடைசி இலக்கம் காவலுக்கு நிற்பது. முந்தைய பத்து இலக்கங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டால் அது கிடைக்கும். டெலிபோன் இரைச்சலில் ஓர் இலக்கம் மாறிவிட்டால் கணக்கு உதைக்கும். என்னைப் போன்ற குமாஸ்தா, "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்று கேட்டுத் திருத்திக்கொள்வான்.

1986 ஜனவரி 24-ல் யுரேனஸ் கிரகத்தைக் கடந்த அமெரிக்காவின் வாயேஜர்-2 விண்கலத்திடம் அப்படிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அதன் ரேடியோ அலை பூமிக்கு வந்து சேரவே இரண்டே முக்கால் மணி நேரம். கேட்டுப் பதில் பெற ஐந்தரை மணி. அதற்குள் கலம் கிரகத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். அலையின் சக்தியோ, புறப்படும்போதே சுமார் 20 வாட்தான்!

இதற்கு என்ன வழி? திருத்தத்தையும் செய்தியோடு சேர்த்துக் கட்டி அனுப்புவதுதான்.

1971-ல் செவ்வாயைச் சுற்றிய மாரினர்-9 இதைச் செய்து காட்டியது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 64 வகை வெளிச்சம். அதைக் குறிக்கப் பூஜ்யமும் ஒன்றுமாக ஆறு இலக்கங்கள் போதும். ஆனால் கலம் அனுப்பியது 32. அந்த 64 குறிகளில் எந்த இரண்டை எடுத்தாலும் குறைந்தது 16 இடங்களில் வேறுபடும். ஆகவே வழியில் ஏழு இலக்கங்கள் கெட்டாலும், வந்தது எந்தக் குறி என்று தெரிந்துவிடும். செவ்வாயின் 7,000-க்கும் மேற்பட்ட படங்கள் இப்படி வந்தன.

ஆனால் சுமை அதிகம். வியாழனிலும் சனியிலும் வாயேஜர் கையாண்ட கோலே முறையில்கூடப் பாதிக்குப் பாதி காவல்தான். யுரேனஸோ சனியைப் போல் இரு மடங்கு தூரம். அலையின் வலு கால் பங்காகிவிடும். அங்கே கைகொடுத்தது, 1960-ல் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரு விஞ்ஞானிகள் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரை. 223 எண்களுக்கு 32 காவல் எண்கள். மொத்தத்தில் எந்தப் பதினாறு கெட்டாலும் மீட்டுவிடலாம். யுரேனஸின் நிலவு மிராண்டாவின் செங்குத்துப் பாறைகளை நாம் தெளிவாகக் கண்டது இந்தக் கணக்கின் துணையால்தான்.

அந்தக் கணக்கு இன்று டீக்கடை வரை வந்துவிட்டது. பணம் செலுத்த ஒட்டியிருக்கும் கட்டம் கட்டமான க்யூஆர் அட்டையில் டீக்கறை படிந்தாலும் போன் அதைப் படித்துவிடுகிறதல்லவா? அதிலும் இருப்பது ரீட்-சாலமன் காவல்தான். கூடுதலாகச் சுமந்த சுமை ஒருபோதும் வீண் போவதில்லை.