புதன்கிழமை வரும் வலி

ஒரு வருடம் விட்டுவிட்டு திங்கட்கிழமை காலையில் மறுபடி ஜிம்முக்குப் போகிறவருக்கு அன்று ஒன்றும் தெரியாது. உடம்பு லேசாகக்கூட இருக்கும். செவ்வாயன்று எழுந்திருக்கும்போது தொடையில் ஓர் இறுக்கம். புதன்கிழமைதான் கணக்குத் தீர்க்கப்படும். மாடிப்படி இறங்கக் கைப்பிடி வேண்டும், தலை வாரக் கை எழும்பாது, உட்காருவதும் எழுந்திருப்பதும் தனித்தனி வேலைகளாகிவிடும். வாரக் கடைசிக்குள் வந்த சுவடே இல்லாமல் போய்விடும்.

ஏறக்குறைய எல்லோருக்கும் இதே நேரக்கணக்குதான். பயிற்சிக்குப் பின் 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்தைத் தொடும். ஜிம் மாஸ்டரைக் கேட்டால் ‘லாக்டிக் ஆசிட் தேங்கிப்போச்சு’ என்பார். கடும் பயிற்சியில் தசையில் லாக்டேட் கூடுவது உண்மை. ஆனால் பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் போல ஆவதற்குள் இரத்தத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். இதயமும் தசைகளுமே அதை எரிபொருளாகச் செலவழித்துவிடும். திங்களன்றே காலியாகிவிட்ட சரக்கின் மீது புதன்கிழமை வலிக்குப் பழி போட முடியாது. 1983இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டிரெட்மில்லைச் சமமாக வைத்து ஆட்களை ஓடவிட்டார்கள். பிறகு கீழ்நோக்கிச் சாய்த்து ஓடவிட்டார்கள். சமதளத்தில் ஓடியபோது லாக்டேட் ஏறியது, பின்னர் வலி வரவில்லை. சரிவில் ஓடியபோது லாக்டேட் ஏறவில்லை, வலி வந்தது. நாற்பது ஆண்டுகள் தாண்டியும் இந்தச் செய்தி நம் ஜிம்களின் வாசற்படி ஏறவில்லை.

உண்மையில் சரியான திசையை 1902லேயே ஒருவர் காட்டிவிட்டார். பாஸ்டனில் இருந்த தியோடர் ஹஃப் என்ற உடலியல் அறிஞர், ஒரே ஒரு விரலை மட்டும் சுருள்வில்லுக்கு எதிராக மடக்க வைக்கும் கருவியைக் கொண்டு வலியை ஆராய்ந்தார். வேலை செய்யும்போதே வரும் அசதி வேறு, எட்டுப் பத்து மணி நேரம் கழித்துத் தொடங்கும் கடுப்பு வேறு என்று பிரித்தார். பின்னதற்குக் காரணம் தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்கள் என்பது அவர் முடிவு.

கிழிசல் எப்போது விழுகிறது? எடையைத் தூக்கும்போது என்றுதான் யாரும் நினைப்போம். இறக்கும்போதுதான் அதிகம். வெள்ளியங்கிரி மலை ஏறியவர்களைக் கேட்டுப்பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கியது என்பார்கள். இரண்டு நாள் தொடையைப் பிடித்துக்கொண்டு நடந்தது இறங்கியதால். டம்பெல்லை மேலே கொண்டுபோகும்போது தசை சுருங்குகிறது. மெல்லக் கீழே விடும்போது தசை சுமையையும் தாங்கவேண்டும், அதே நேரம் நீளவும் வேண்டும். இந்த வேலையின் விசித்திரம் என்னவென்றால், உடம்புக்கு இது மலிவாகத் தோன்றும். 1952இல் இங்கிலாந்தில் ஆபட், பிக்லண்ட், ரிட்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அந்த மிதியை எதிர்த்து நிறுத்தப் பார்க்க வேண்டும். எதிர்த்து நிறுத்துபவருக்கு மிகக் குறைந்த ஆக்சிஜனே செலவானது. அதைச் செய்துகாட்டியபோது, சிறிய உருவமுள்ள ஒரு பெண் பெரிய உருவமுள்ள ஓர் ஆணைக் களைத்துப்போக வைத்துவிட்டாராம்.

அந்த மலிவில்தான் சிக்கல். இறக்கும்போது குறைவான நார்களே வேலைக்கு வருகின்றன. சுமை அதேதான். ஆகவே ஒவ்வொரு நாருக்கும் இழுவை கூடுகிறது. ஸ்வீடனில் யான் ஃப்ரிடேன் குழுவினர் 1981இல் ஆட்களைப் படிகளில் திரும்பத் திரும்ப இறங்கவைத்து, அவர்கள் காலிலிருந்து துளி தசை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தசை நாருக்குள் மிகச்சிறு சுருங்கும் அலகுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஓர் அலகும் அடுத்ததும் சேருமிடத்தில் நேர்கோடாக இருக்க வேண்டிய எல்லை, நைந்த வேட்டிக் கரைபோல அங்கங்கே கலைந்து கிடந்தது.

கலைந்ததுமே வலிப்பதில்லை. பழுதான இடத்தைச் சரிசெய்ய அழற்சி தொடங்கும். பிராடிகைனின், நரம்பு வளர்ச்சிக் காரணி போன்ற பொருள்கள் சுரந்து, அங்குள்ள நரம்பு முனைகளைக் கூருணர்வுள்ளவையாக்கும். அதன் பிறகுதான் சாதாரணத் தொடுதலும் அசைவும் வலியாகத் தெரிகின்றன. இதற்கு ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகும். வலியின் அளவு பழுதின் அளவைக் காட்டாது என்பதும் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. ‘வலிச்சாதான் வளரும்’ என்று சுவரில் எழுதி வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

வலியைவிட வலுக்குறைவுதான் ஏமாற்றுப் பேர்வழி. பழகாத எடையை இறக்கி முடித்த நிமிடத்திலேயே தசையின் வலு சரிந்துவிடும். சுருங்கச் சொல்லி உத்தரவிடும் கால்சியம் தசைக்குள் முன்போல வெளிப்படாததும் இதற்கு ஒரு காரணம். கடுமையாகச் செய்திருந்தால் வலு முழுதாகத் திரும்ப ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். கடுப்பு போய்விட்டது என்று ஐந்தாம் நாள் பழைய எடையை எடுப்பவர், பாதி பழுது பார்த்த தசையைத்தான் நம்பிப் போகிறார்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அதே பயிற்சியை இரண்டு வாரம் கழித்துச் செய்தால் வலி மிகவும் குறைந்துவிடும். ஒரே தடவை பட்ட அடிக்குத் தசை ஒரு தற்காப்பைக் கட்டிக்கொள்கிறது. அது பல வாரம் நிற்கும். ஓரளவு ஆறு மாதம் வரைகூட நீடிப்பதாக ஜப்பானில் பிறந்த ஆய்வாளர் கசுனோரி நொசாகா காட்டியிருக்கிறார். மிக லேசான எடையை இறக்குவதுகூட, அடுத்து வரும் கனத்த பயிற்சியின் சேதத்தைக் குறைக்கிறது. திரும்பி வருபவர் முதல் வாரம் வெறும் கம்பியோடு நின்றால், ஜிம்மில் நாலு பேர் பார்த்துச் சிரித்தாலும், தசைக்கு அது வீண் வேலை இல்லை.

இதற்கு நேர்மாறாக நடந்தது 2011 ஜனவரியில், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியில். அவர்கள் நம்மைப்போல அவ்வப்போது வந்துபோகும் ஆட்கள் இல்லை. தேர்ந்த விளையாட்டு வீரர்கள். சுமார் மூன்று வாரக் குளிர்கால விடுமுறை முடிந்து வந்தவர்களுக்கு, ஒரு தடவை தூக்கக்கூடிய உச்ச எடையில் பாதியைத் தோளில் வைத்து 100 ஸ்குவாட் என்று வேலை கொடுக்கப்பட்டது. சில நாளில் 13 பேர் மருத்துவமனையில் இருந்தார்கள். தசை நார்கள் உடைந்து, உள்ளிருந்த மயோகுளோபின் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் ராப்டோமயோலிசிஸ் என்ற நிலை. எல்லோரும் பிழைத்தார்கள்.

மூன்று வாரத்துக்கே இப்படி என்றால், வருடக்கணக்கில் விட்டவர்கள் பழைய பயிற்சி நோட்டைப் பார்த்து எடை போடக்கூடாது. சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ, கை கால் வீங்கி இறுகினாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ அது வழக்கமான கடுப்பு அல்ல. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முன்னும் பின்னும் உடம்பை நீட்டி வளைப்பது இந்த வலியை அநேகமாகக் குறைப்பதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மசாஜ் ஓரளவு உதவும். மெதுவான நடை அந்த நேரத்துக்கு இதம். வலி மாத்திரையைத் தினமும் முழு அளவில் போட்டுக்கொண்டே பயிற்சி செய்தால் தசை வளர்ச்சி குறையலாம் என்று ஸ்வீடன் ஆய்வு ஒன்று 2018இல் காட்டியது. சிறுநீரகம் ஏற்கெனவே திணறும் வேளையில் அந்த மாத்திரைகள் இன்னும் கெடுதல்.

விட்டுப்போன வலு அப்படியே தொலைந்துவிட்டதா? இல்லை. தசை வளரும்போது நார்களுக்குள் புதிய உட்கருக்கள் சேர்கின்றன. தசை மெலிந்த பிறகும் அவை தங்கிவிடுவதை 2010இல் ஓஸ்லோவில் கிறிஸ்டியன் குண்டர்சன் குழு எலிகளில் கண்டது. மனிதர்களிலும் அப்படியேதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பலன் என்னவோ கண்ணுக்குத் தெரிகிறது. 2024இல் ஃபின்லாந்தின் யுவஸ்குலா பல்கலைக்கழக ஆய்வில், ஒரு குழு 20 வாரம் தொடர்ந்து எடை தூக்கியது. இன்னொரு குழு 10 வாரம் தூக்கி, 10 வாரம் சும்மா இருந்து, மறுபடி 10 வாரம் தூக்கியது. முடிவில் இரண்டு குழுவின் வளர்ச்சியும் ஏறக்குறைய ஒன்றுதான். இடைவெளியில் தசையின் பருமன் குறைந்த அளவுக்கு வலு குறையவில்லை. திரும்பி வந்தவர்கள் விட்ட இடத்தைப் பிடிக்க எடுத்துக்கொண்டது ஐந்து வாரம்.