பழைய வால்வு ஆம்ப்பில் ரிவெர்ப் வரலையா? டேங்கை மாத்துறதுக்கு முன்னாடி லேசா ஆட்டிப் பாருங்க!

ராஜாஜி பிறந்த ஊர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போமே, அந்தத் தொரப்பள்ளி இன்று ஓசூர் தொழிற்சாலைகளை ஒட்டியிருக்கும் ஊர். அங்கே வாடகை வீட்டில் தங்கி, வார நாளெல்லாம் ஷிஃப்ட், ஞாயிற்றுக்கிழமை கிட்டார் என்று வாழும் ஓர் இளம் இன்ஜினீயரை நினைத்துக்கொள்ளுங்கள். பெங்களூருவில் யாரோ விற்ற 1970களின் ஃபெண்டர் 'ட்வின் ரிவெர்ப்' ஆம்ப்ளிஃபயரை, சேமிப்பு மொத்தத்தையும் கொட்டி வாங்கி வந்திருக்கிறார். ஆன் செய்தால் கிட்டார் கணீர்னு கேட்குது. ஆனால் பெயரிலேயே இருக்கிற ரிவெர்ப் மட்டும் வரலை.

அவசரம் ஆரம்பிப்பது இங்கேதான். வால்வு போச்சு என்பார் ஒரு நண்பர். டேங்க் போச்சு, புதுசு வாங்கு என்பார் இன்னொருவர். வெளிநாட்டில் ஆர்டர் போட்டு, கஸ்டம்ஸ் வரி கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து மாட்டிய பிறகுதான், பழைய டேங்கில் அறுந்திருந்தது முடி மாதிரி ஒரே ஒரு கம்பி என்று தெரியவரும். அதற்குள் ஒரிஜினல் பாகம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

ரிவெர்ப் எங்கிருந்து வருகிறது?

நம்ம ஊர் மேடைக் கச்சேரிகளில் 'கொஞ்சம் எக்கோ வைங்க' என்பார்களே, அது வேறு. எக்கோவில் ஒரே சத்தம் தனித்தனியாகத் திரும்பக் கேட்கும். கல் மண்டபத்தில் கை தட்டினால் சத்தம் கரைந்து கரைந்து அடங்குமே, அதுதான் ரிவெர்ப்.

பழைய ஆம்ப்பில் இந்த வேலையைச் செய்வது சிப் இல்லை, ஸ்பிரிங். ஒரு தகர டப்பாவுக்குள் நீளமான ஸ்பிரிங்குகள். ஒரு முனையில் உள்ள காயில், கிட்டார் சிக்னலை ஸ்பிரிங்கின் அசைவாக மாற்றும். அந்த அசைவு இரு முனைகளுக்கும் இடையே போய்வந்து மோதும். மறுமுனையிலுள்ள காயில் அதைத் திரும்ப மின்சாரமாக்கும். ஹாம்மண்ட் ஆர்கனில் ஏற்கெனவே இருந்த இந்த ஸ்பிரிங் உத்தியை, ஃபெண்டர் 1961இல் தனிப் பெட்டியாக விற்றது. 1963இல் ஆம்ப்புக்குள்ளேயே வைத்தது.

அதாவது சிக்னல் போகிற பாதை: ஒரு டிரைவர் வால்வு, சின்ன டிரான்ஸ்பார்மர், கேபிள், டேங்க், இன்னொரு கேபிள், கடைசியாக ரெகவரி வால்வு. எங்கே அறுந்தாலும் ரிவெர்ப் காலி. எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் பாதி ரிப்பேர்.

முதலில் உயிர், பிறகு ரிவெர்ப்

அமெரிக்காவுக்காகச் செய்த ஆம்ப் 120 வோல்ட்டில் ஓடும். நம்ம 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கதை முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். அதைவிட முக்கியம்: இந்த ஆம்ப்புகளின் சேஸிஸுக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அந்த மின்சாரம் தங்கியிருக்கலாம். வீட்டு வயரிங் தெரியும் என்ற தைரியம் இங்கே உதவாது. நல்ல விஷயம், கீழே சொல்லும் எதற்கும் சேஸிஸைத் திறக்க வேண்டியதில்லை.

ஆட்டிப் பாருங்க

அதற்கும் முன்னால் ஒரு சின்ன சந்தேகம். கிட்டாரை எந்தச் சேனலில் செருகியிருக்கிறீர்கள்? ட்வின் ரிவெர்ப்பின் 'நார்மல்' சேனலில் ரிவெர்ப்பே கிடையாது. 'விப்ராட்டோ' சேனலில்தான் வரும். சிரிக்காதீர்கள், அனுபவசாலிகளே ஏமாறும் இடம் இது. அடுத்து ஃபுட் ஸ்விட்ச். அதன் கேபிள் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் ரிவெர்ப் எப்போதும் ஆஃப்தான். கேபிளைப் பிடுங்கிவிட்டால் ரிவெர்ப் தானாக ஆன் ஆக வேண்டும்.

இரண்டும் சரியா? வால்யூமைக் குறைவாக வைத்து, ரிவெர்ப் குமிழை 4 வரை திருப்பி, ஆம்ப்பை லேசாக ஆட்டுங்கள். இடி இடிப்பது போல 'தடார்' என்று சத்தம் வந்தால் சந்தோஷப்படுங்கள். ஸ்பிரிங் அசைந்து, அந்த அசைவு ஸ்பீக்கர் வரை வந்துவிட்டது. டேங்கின் வெளியேறும் காயில், திரும்பும் கேபிள், ரெகவரி வால்வு எல்லாம் உயிரோடு இருக்கின்றன. கோளாறு அனுப்பும் பக்கத்தில்: டிரைவர் வால்வு, சின்ன டிரான்ஸ்பார்மர், போகும் கேபிள், டேங்கின் உள்வாங்கும் காயில்.

சத்தமே இல்லையா? அப்போது திரும்பும் பக்கத்தைப் பாருங்கள். பாதி டென்ஷன் குறைந்தது, இல்லையா?

ரிவெர்ப் இருக்கு, ஆனா ரொம்ப லேசா கேட்குது என்றால் வேறொரு சந்தேகம் வரும். முன்பு யாரோ டேங்கைக் கழற்றி, இரண்டு கேபிள்களையும் மாற்றிச் செருகியிருக்கலாம்.

மல்டிமீட்டர் சொல்லும் உண்மை

இனி ஆம்ப்பை ஆஃப் செய்து, மெயின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஆம்ப் ஓடும்போது டேங்குக்குப் போகும் கேபிளைக் கழற்றாதீர்கள். அதை ஓட்டும் டிரான்ஸ்பார்மருக்கு அது நல்லதல்ல. டேங்க், பெட்டியின் அடியில் ஒரு பைக்குள் இருக்கும். கேபிள்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, டேங்கின் சாக்கெட்டுகளில் ஓம் அளந்து பாருங்கள்.

ட்வின் ரிவெர்ப் வகை டேங்கில் உள்வாங்கும் பக்கம் சுமார் 1 ஓம், வெளியேறும் பக்கம் சுமார் 200 ஓம் காட்ட வேண்டும். மீட்டரில் ஒன்றுமே காட்டவில்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. உடனே டேங்கைத் தூக்கிப்போட வேண்டாம். சாக்கெட்டிலிருந்து காயிலுக்குப் போகும் மெல்லிய கம்பிகள், வருஷக்கணக்கில் ஆடி ஆடி அறுந்துபோவது சகஜம். காயிலின் முனைகளிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். அங்கே அளவு சரியாக இருந்தால் காயில் பிழைத்தது; கம்பியைச் சால்டர் செய்தால் போதும். அவசரக் கை வேண்டாம், ஸ்பிரிங்கைத் தொட்டு நெளித்துவிட்டால் அதற்கு ரிப்பேர் இல்லை. அப்படியே கேபிள்களையும் அளந்துவிடுங்கள். கழன்று கிடக்கும் ஸ்பிரிங் கொக்கி, மூடியில் உரசும் ஸ்பிரிங் இதெல்லாம் கண்ணாலேயே தெரியும்.

வால்வு எங்கே கிடைக்கும்?

டேங்கும் கேபிளும் சரி என்றால் வால்வு. ஆறிய பிறகு கழற்றி, அதே எண் கொண்ட நல்ல வால்வை மாட்டிப் பார்க்கலாம். டிரைவர் 12ஏடி7, ரெகவரி 12ஏஎக்ஸ்7. ஐரோப்பியப் பெயரில் இசிசி81, இசிசி83.

இந்தப் பெயர்கள் ஓசூர்ப் பக்கத்துக்கு அந்நியமில்லை. எல்லையைத் தாண்டினால் வரும் பெங்களூரு ஜாலஹள்ளியில், பொதுத்துறை நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961இலேயே ரேடியோ வால்வு தயாரிக்கத் தொடங்கிவிட்டது. இசிசி83 அவர்களும் செய்ததுதான். பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போகிறவர்கள், பழைய ரேடியோ மெக்கானிக்குகளிடம் ஒரு வார்த்தை விசாரித்துப் பார்க்கலாம்.

வால்வு மாற்றியும் வரலை என்றால் டிரான்ஸ்பார்மர், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர்தான் மிச்சம். அது சேஸிஸுக்குள். வால்வு ஆம்ப் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். இதுவரை பார்த்ததைச் சொன்னால் அவருக்கு வேலை மிச்சம், உங்களுக்குக் காசு மிச்சம்.

டேங்க் நிஜமாகவே செத்துவிட்டதா? வாங்கும்போது '4ஏபி3சி1பி' என்ற குறியீட்டைப் பாருங்கள். 4 என்பது நீள டேங்க் வகை. ஏ என்றால் உள்வாங்கும் பக்கம் 8 ஓம், பி என்றால் வெளியேறும் பக்கம் 2,250 ஓம். இது காயிலின் இம்பீடன்ஸ். மல்டிமீட்டரில் இந்த எண் வராது, குழம்ப வேண்டாம். அடுத்த 3, சத்தம் நீண்ட நேரம் கழித்து அடங்கும் என்பதற்கு. உள்வாங்கும் பக்க எழுத்து மாறினால் புது டேங்கும் ஊமையாகத்தான் இருக்கும்.

புது டேங்கை மாட்டியதும் 'ம்ம்ம்' என்று ஹம் கேட்டால், வெளியேறும் முனை பவர் டிரான்ஸ்பார்மர் பக்கம் போய்விட்டதா என்று பார்த்துத் திருப்பி வையுங்கள். அந்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரையும் ஆம்ப்பை விட்டுக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.