எந்தச் சாஸ் எந்த உணவுக்கு?

மிளகாயை அரைத்து, உப்பும் புளிப்பும் சேர்த்துப் புட்டியில் அடைத்து விற்கும் காரச் சாஸ் இன்று பல நாடுகளின் சாப்பாட்டு மேசைகளில் நிலையான இடம் பெற்றுவிட்டது; ஆனால் அதை வாங்குவோர் பெரும்பாலும் எவ்வளவு காரம் என்று மட்டும் கேட்கிறார்களே தவிர, எந்த ஊரில், எந்த உணவின் பக்கத்தில் வைப்பதற்காக அது உருவாயிற்று என்று கேட்பதில்லை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் தண்ணீர் போல ஓடும் சாஸும், துனீசியாவில் எண்ணெய் மிதக்கும் விழுதும், கரீபியத் தீவுகளில் கடுகு சேர்த்த மஞ்சள் நிறச் சாஸும் மிளகாய் என்னும் ஒரே செடிப் பேரினத்திலிருந்து வந்தவைதாம் என்றாலும், ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால் சாஸும் கெடும், உணவும் கெடும். அந்தந்த நாட்டு மக்கள் நீண்ட பழக்கத்தால் கண்டறிந்த இந்தப் பொருத்தங்களுக்குப் பின்னால் தெளிவான காரணங்கள் உள்ளன.

முதலில் காரம் என்பது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மிளகாய்க்குக் காரத்தைத் தருவது கேப்சைசின் என்னும் வேதிப்பொருள். அது விதைக்குள் இருப்பதாகப் பலர் எண்ணினாலும், விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்மையான உட்தசையில்தான் உண்டாகிறது, விதையின்மேல் படிந்திருப்பது அங்கிருந்து வந்ததே. நாக்கிலும் வாயின் உட்புறத்திலும் சூட்டை உணர்வதற்கென்று உள்ள நரம்பு முனைகளில் ஒரு புரதம் இருக்கிறது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் படும்போது விழித்துக்கொள்ளும் அப்புரதத்தைக் கேப்சைசினும் தூண்டிவிடுவதால், உண்மையில் எதுவும் சுடாதபோதே வாய் எரிவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. இந்தப் புரதத்தை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை இன்னொரு அறிவியலாளருடன் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் நீரில் அரிதாகவே கரையும், கொழுப்பில் எளிதாகக் கரையும். காரம் ஏறியவர் தண்ணீர் குடித்தும் தணியாமல் தயிரோ பாலோ குடித்துத் தணிவதற்கும், பாலின் கேசீன் என்னும் புரதம் கேப்சைசினைப் பற்றி விலக்குவதோடு, இதுவும் ஒரு காரணம். எந்தச் சாஸ் எந்த உணவோடு சேரும் என்ற கேள்விக்கான விடையில் பாதி இந்த ஒரு பண்பிலேயே அடங்கியிருக்கிறது.

காரத்தை அளக்க 1912இல் அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில் ஒரு முறை வகுத்தார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் மேலும் மேலும் கரைத்து, சுவைத்துப் பார்ப்போருக்குக் காரம் தெரியாமற்போகும் வரை எத்தனை மடங்கு கரைக்க வேண்டியிருக்கிறதோ அந்த எண்ணே காரத்தின் அளவாகும். இன்று கருவிகளைக் கொண்டு கேப்சைசினை நேரடியாக அளந்தாலும், அலகுக்கு ஸ்கோவில் என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஹலப்பேனோ என்னும் மெக்சிகோ மிளகாய் 2,500 முதல் 8,000 வரையும், ஹபனேரோ, ஸ்காட்ச் பானெட் என்னும் மிளகாய்கள் 1,00,000 முதல் 3,50,000 வரையும் அளவிடப்படுகின்றன. புளிப்பு, மணம், கெட்டித்தன்மை ஆகியவற்றைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்வதில்லை. உணவோடு சேர்வதைத் தீர்மானிப்பவையோ அவைதாம்.

லூசியானா வகைச் சாஸ் இதற்கு நல்ல சான்று. அம்மாநிலத்தின் தென்பகுதியில், நிலத்தடியில் பெரும் உப்புப் பாறையைக் கொண்ட ஏவரி தீவில் எட்மண்ட் மக்கில்ஹென்னி என்பவர் 1868இல் உருவாக்கி, 1870இல் காப்புரிமை பெற்ற டபாஸ்கோ சாஸில் மிளகாய், உப்பு, வினிகர் ஆகிய மூன்று பொருள்கள் மட்டுமே உள்ளன. பழுத்துச் சிவந்த மிளகாயைப் பறித்த அன்றே உப்புடன் சேர்த்து அரைத்து, வெள்ளை ஓக் மரப் பீப்பாய்களில் நிரப்பி, மேலே உப்பைத் தடிப்பாகப் பரப்பி, மூன்றாண்டுகள் வரை ஊறவிடுகிறார்கள். இந்த ஊறலை வெறும் காத்திருப்பு என்று கொள்ளலாகாது. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் இனத்தைச் சேர்ந்தவையே உப்பிட்ட மிளகாய் விழுதிலும் வேலை செய்து, மிளகாயின் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. கெடுக்கும் நுண்ணுயிர்கள் உப்பையும் அமிலத்தையும் தாங்காமல் விலகிவிட, பச்சை வாடை போய் ஆழ்ந்த மணம் வருகிறது. பின்னர் வினிகர் கலந்து, கிளறி, தோலையும் விதையையும் வடிகட்டிய பிறகே புட்டியில் அடைக்கிறார்கள்.

இவ்வாறு கிடைக்கும் மெல்லிய, கூரிய புளிப்புடைய சாஸ் லூசியானாவின் கடற்கரை உணவோடு பொருந்துவதில் வியப்பில்லை. அங்கே பச்சையாக உண்ணப்படும் கடல் சிப்பியின் உப்புச் சுவையை மறைக்காமல், எலுமிச்சை செய்யும் வேலையை இரண்டு சொட்டுச் சாஸ் செய்துவிடுகிறது. கொழுப்பில் மாவை நெடுநேரம் வறுத்துக் குழம்பாக்கி, இறாலும் கோழியும் இறைச்சிச் சுருள்களும் சேர்த்துச் சமைக்கும் கம்போ என்னும் கெட்டிச் சூப்பில், அதே சாஸின் புளிப்பு கொழுப்பின் மந்தத்தை அறுத்து அடுத்த கவளத்துக்கு நாவைத் தயார்செய்கிறது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் திங்கட்கிழமைதோறும் சமைக்கும் வழக்கமுள்ள சிவப்பு அவரையும் சோறும் என்ற எளிய உணவுக்கு அந்நகர மக்கள் காரம் குறைந்த, உப்பும் மிளகாயின் மணமும் மேலோங்கிய கிரிஸ்டல் சாஸையே பெரிதும் நாடுகிறார்கள். அவரையும் சோறும் மென்மையானவை என்பதால், டபாஸ்கோவைப் போல் சில சொட்டுகளோடு நிறுத்தாமல் தாராளமாக ஊற்றிக்கொள்ளத்தக்க சாஸே அங்கு வேண்டும்.

கொழுப்பும் காரமும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பதை நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரின் கோழி இறக்கை வறுவலில் காணலாம். 1964இல் ஆங்கர் பார் என்ற உணவகத்தில் தெரேசா பெலிசிமோ செய்ததாகப் பொதுவாகச் சொல்லப்படும் இவ்வுணவில், எண்ணெயில் பொரித்த இறக்கைகளை, ஊறவைத்த கயென் மிளகாயாலான சாஸை உருக்கிய வெண்ணெயோடு கலந்து அதில் புரட்டுகிறார்கள். வெண்ணெய் கேப்சைசினைத் தன்னுள் கரைத்துக்கொண்டு எரிச்சலை மெதுவாக வெளிவிடுகிறது. பக்கத்தில் வைக்கும் நீலப்பூசணப் பாலாடைக்கட்டிக் குழம்பின் கேசீன் எஞ்சிய எரிச்சலைத் துடைக்கிறது. செலரித் தண்டின் நீர்ச்சத்து வாயைக் குளிர்விக்கிறது. மூன்றும் தற்செயலாக அங்கே கூடியிருந்தாலும், ஒன்றை எடுத்துவிட்டால் தட்டு குறைப்பட்டுப் போகும் அளவுக்கு அவை இசைந்திருக்கின்றன.

மிளகாயின் தாயகமான மெக்சிகோவில் வினிகரின் கை சற்றே தாழ்ந்திருக்கிறது. குவாதலஹாரா நகரைச் சேர்ந்த வாலென்டினா சாஸ் கெட்டியாகவும் உப்பும் புளிப்பும் அளவோடும் இருப்பதால், அங்குள்ள மக்கள் அதை உருளைக்கிழங்கு வறுவலின் மேலும், எலுமிச்சை பிழிந்த மாம்பழம், வெள்ளரி ஆகியவற்றின் துண்டுகள் மேலும் ஊற்றி உண்கிறார்கள். டபாஸ்கோவை ஊற்றியிருந்தால் பழத்தின் புளிப்போடு வினிகர் மோதியிருக்கும். யுகத்தான் தீபகற்பத்திலோ, வாழையிலையில் பொதிந்து, கசப்பு நாரத்தைச் சாறும் ஆனாட்டோ விதை விழுதும் தடவி மெதுவாக வேகவைக்கும் பன்றி இறைச்சிக்கு ஹபனேரோ மிளகாய்ச் சாஸே துணையாகிறது. ஹபனேரோவின் கடுங்காரத்துக்குள் ஒரு பழ மணம் ஒளிந்திருக்கிறது. புளிப்பேறிய கொழுத்த இறைச்சி அந்த மணத்தை வெளிக்கொணர்கிறது.

தாய்லாந்தின் சோன்புரி மாகாணத்துக் கடலோர ஊரான ஸ்ரீராச்சாவின் பெயரைத் தாங்கிய சாஸ் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. மிளகாய், பூண்டு, சர்க்கரை, வினிகர், உப்பு ஆகிய ஐந்தும் சேர்ந்த அச்சாஸ், தாய்லாந்தில் இனிப்பும் புளிப்பும் கூடி ஊற்றும் பதத்தில் இருக்கிறது. பொரித்த கடலுணவுக்கும், நிறைய எண்ணெயில் உப்பவைத்துச் சுடும் முட்டைத் தோசைக்கும் அது உரியது. உலகம் அறிந்த சேவல் படப் புட்டியோ அமெரிக்காவில் பிறந்தது. வியட்நாமிலிருந்து 1978 இறுதியில் ஹுய் ஃபாங் என்னும் சரக்குக் கப்பலில் வெளியேறிய சீன வம்சாவளியினரான டேவிட் டிரான், 1980இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தம் நிறுவனத்தைத் தொடங்கியபோது, தம்மைக் கரைசேர்த்த கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார். அவர் பயன்படுத்தியது சிவக்கப் பழுத்த ஹலப்பேனோ மிளகாய். பூண்டு மணம் தூக்கலாக, விழுதுக்கு நெருங்கிய பதத்தில் அமைந்த அச்சாஸ், புலம்பெயர்ந்த வியட்நாமியர்கள் ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப்போடு சேர்த்துண்ண ஏற்றதாயிற்று.

ஃபோவின் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டெலும்பையும் அன்னாசிப்பூவையும் பட்டையையும் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுக்கும் தெளிந்த சூப்பில் இச்சாஸைக் கலக்கிவிடுவது சமைத்தவரின் உழைப்பை வீணாக்குவதாகும். சிறு தட்டில் சாஸை எடுத்துக்கொண்டு, ஹொய்சின் என்னும் இனிப்பான சோயா விழுதைப் பக்கத்தில் வைத்து, இறைச்சித் துண்டுகளை மட்டும் அதில் தொட்டு உண்ணும் முறையே இரண்டுக்கும் நியாயம் செய்கிறது.

வினிகரைத் தவிர்த்து எண்ணெயை நம்பும் சாஸ்களும் உண்டு. துனீசியாவின் ஹரிசா, காய்ந்த மிளகாயை நீரில் ஊறவைத்து, பூண்டு, கொத்தமல்லி விதை, சீரகத்தைப் போன்ற கேரவே விதை, உப்பு ஆகியவற்றோடு அரைத்து, கெடாமலிருக்க மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி வைக்கும் விழுது. அதைச் சார்ந்த அறிவும் வழக்கங்களும் 2022இல் யுனெஸ்கோவின் மானுட மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆவியில் வேகும் கோதுமை மணிகளான குஸ்குஸுக்கும், பழைய ரொட்டித் துண்டுகள்மேல் கொண்டைக்கடலையைக் கொதிக்கும் சாற்றோடு ஊற்றி உண்ணும் லப்லபிக்கும் இது ஏற்றது. தமக்கென்று பெரிதாகச் சுவையில்லாத தானியமும் பருப்பும் எண்ணெயோடு கூடிய காரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் உட்பட அனைவரும் உண்ணும் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றின் பக்கத்தில் வைக்கும் சம்பலும் இத்தகையதே. எண்ணெய் பிரியும் வரை பொறுமையாக வதக்கிய மிளகாய் விழுதின் இனிப்பு கலந்த காரம், தேங்காய்ப்பாலின் கொழுப்பில் இறங்கி அடங்குகிறது.

காரச் சாஸோடு தமிழர் வரலாறும் கலந்துள்ள இடங்களில் மொரீஷியசும் கரீபியமும் தனிக் கவனத்துக்குரியவை. போர்த்துகீசியரால் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மிளகாயைத் தம் சமையலாக்கிக்கொண்ட மக்கள், 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டபோது, அந்தச் சுவையையும் கொண்டுசென்று அங்கே கண்ட மிளகாய்களோடு இணைத்தனர். மொரீஷியசில் மிளகாயை எண்ணெய், பூண்டு, எலுமிச்சை ஆகியவற்றோடு அரைத்துச் செய்யும் மசவரு என்னும் விழுதை, வேகவைத்த பருப்பைப் பொடித்து உள்ளே வைத்துச் சுடும் மெல்லிய தால் பூரிக்குள் தடவி உண்கிறார்கள். தமிழ்நாட்டு மசால் வடையை நிகர்த்த மிளகாய் வடையும் அத்தீவின் தெருக்களில் விற்கிறது. டிரினிடாடில் 1845 முதல் வந்திறங்கிய இந்தியர்களில் பெரும்பாலோர் வடநாட்டவராயினும், சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்தவர்களும் இருந்தனர். பொரித்த இரண்டு மெல்லிய அப்பங்களுக்கிடையே கொண்டைக்கடலைக் குழம்பை வைத்துத் தரும் டபுள்ஸ் என்னும் அந்நாட்டுக் காலை உணவில், ஸ்காட்ச் பானெட் இனத்து மிளகாயோடு நீள்கொத்தமல்லித் தழையை அரைத்த சாஸை எவ்வளவு ஊற்றுவது என்று விற்பவர் கேட்டுத்தான் ஊற்றுகிறார். அருகிலுள்ள பார்படோசிலோ அதே மிளகாய் கடுகோடு கலந்து மஞ்சள் சாஸாகி, அத்தீவின் பெயர் சொல்லும் பறக்கும் மீன் வறுவலுக்குத் துணைபோகிறது. மீனின் வாடையைக் கடுகு அடக்குகிறது.

இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு எண்ணை மட்டும் துரத்தும் ஒரு போக்கும் வளர்ந்திருக்கிறது. 2013இல் உலகச் சாதனை படைத்த கரோலினா ரீப்பர் மிளகாயை 2023இல் ஏறத்தாழ 26.9 லட்சம் ஸ்கோவில் அளவுள்ள பெப்பர் எக்ஸ் முந்தியது. இத்தகைய மிளகாய்களை ஒரு பானைக் குழம்பில் சிறு துணுக்காகச் சேர்ப்பதற்கு இடமுண்டு. ஆனால் பிரித்தெடுத்த கேப்சைசினைக் கலந்து, பந்தயத்துக்காக விற்கப்படும் சாஸ்களில் கசப்பும் எரிச்சலும் இருக்கின்றனவே ஒழிய, உணவுக்குத் துணையாக நிற்கும் சுவை இல்லை. அவற்றைச் சமையல் பொருள்களின் வரிசையில் வைக்க வேண்டியதில்லை.

கடையில் சாஸ் தேர்ந்தெடுப்போர் புட்டியைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படிப்பது நல்லது. மிளகாய் முதலில் இருந்தால் அது மிளகாயின் சாஸ். தண்ணீர், சர்க்கரை, கெட்டியாக்கும் மாவு ஆகியவற்றுக்குப் பின்னால் மிளகாய் வந்தால் அது இனிப்புக் கூழ், அதைப் பொரித்த உணவுக்கு மேல் வேறெதற்கும் நம்ப வேண்டாம். வினிகர் மிகுந்த மெல்லிய சாஸைக் கொழுத்த உணவுக்கும் முட்டைக்கும் மீனுக்கும், எண்ணெய் விழுதைச் சோற்றுக்கும் ரொட்டிக்கும் பருப்புக்கும், பழ மணமுள்ள கடுங்காரச் சாஸைச் சுட்ட இறைச்சிக்கும் வைத்துக்கொள்ளலாம். வினிகர் சாஸ் திறந்த பிறகும் வெளியே பல மாதங்கள் கெடாது என்றாலும் நிறமும் மணமும் மெல்லக் குறையும். வினிகர் இல்லாத எண்ணெய் விழுதுகளைத் திறந்த அன்றே குளிர்பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.