வேலிப் பூவரசுக்கு எந்த வாள்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சொல்லும்படியான காடு கிடையாது. வளவில் பட்டுப்போன மாமரம், மாரிக் காற்றுக்குச் சரிந்த வேம்பு, கதியாலாக நட்டு ஐம்பது வருடத்தில் பெருமரமாகிவிட்ட வேலிப் பூவரசு, கிணற்றடியில் தானாக முளைத்துத் தடித்த இப்பில் இப்பில், இவைதான் அடுப்புக்குப் போகின்றன. மீதியை மட்டையும் பன்னாடையும் ஊமலும் சிரட்டையும் பார்த்துக்கொள்ளும். கனத்த விறகு வேண்டுமென்றால் வன்னிப் பாலை வந்திறங்கும் விறகு காலைக்குப் போய் அந்தர் கணக்கில் வாங்க வேண்டும். 2022இல் சமையல் எரிவாயுவுக்கு நாடே வரிசையில் நின்றபோது, அடுப்படியில் விறகை மறந்திருந்த வீடுகளும் பின்வளவில் மூன்று கல் வைத்தன. ‘ஒரு மெசின் வாளை நாங்களே வாங்கிவிட்டால் என்ன?’ என்ற யோசனை அப்படிப்பட்ட வீடுகளில்தான் எழும்.

வாங்கலாம். ஆனால் எஞ்சின் எவ்வளவு பெரிது என்று கேட்பதற்கு முன், அரியப்போகும் மரம் எது, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சங்கிலி வாள்களில் நடுத்தரம் என்று சொல்லப்படுவது ஏறத்தாழ 45 முதல் 60 சிசி வரையான எஞ்சின் உள்ளது. வலு இரண்டே கால் முதல் மூன்று கிலோவாற் வரை, அதாவது மூன்று நான்கு குதிரைவலு. தோட்டக் கிணற்றில் நின்று தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் வலுவைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளலாம். ஜேர்மனியின் ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 250 இந்த வகையின் கீழ்ப்படியில் இருக்கிறது: 45.4 சிசி, 2.3 கிலோவாற், செயினும் பாரும் பூட்டாமல் 4.6 கிலோ. அதற்கு மேலே எம்எஸ் 271: 50.2 சிசி, 2.6 கிலோவாற், 5.6 கிலோ. கூடுதலாகக் கிடைக்கும் 0.3 கிலோவாற்றுக்கு ஒரு முழுக் கிலோவைச் சுமக்க வேண்டியிருக்கிறது. பெரியதில் அதிர்வு குறைவு, பெற்றோலும் மிச்சம் என்பது உண்மைதான். நாள் முழுக்க மரம் சரிப்பவருக்கு அது பெரிய விடயம். மாதத்தில் ஒருநாள் குனிந்து நின்று துண்டு போடுகிறவருக்கு முதுகில் ஏறும் அந்த ஒரு கிலோதான் பெரிது. சுவீடனின் ஹஸ்க்வானாவும் இதே அளவுகளில் இயந்திரங்கள் செய்கிறது. கணக்கும் ஏறத்தாழ இதேதான்.

105 சிசி கொண்ட பழைய ஸ்டில் 070ஐப் பற்றிப் பெருமையாகப் பேசுபவர்களைச் சந்திக்காமல் இருக்க முடியாது. வெப்பமண்டல வைர மரங்களைச் சரிக்கவும் பலகையாக அரியவும் உலகெங்கும் பேர்போன இயந்திரம் அது. வீட்டு விறகுக்கு அதைத் தூக்குவது வீண் வேலை.

செயின் ஓடும் நீண்ட தகட்டைத்தான் பார் என்கிறார்கள். அதன் நீளத்திலும் ஆசை அடங்க வேண்டும். பார் நீள நீள ஒரே நேரத்தில் மரத்தில் கடிக்கும் பற்கள் கூடும், எஞ்சின் திணறும், தீட்ட வேண்டிய பல்லும் கூடும். எங்கள் வளவு மரங்கள் பெரும்பாலும் ஒரு முழத்துக்கு உட்பட்ட குறுக்களவு கொண்டவை. 16 அங்குலப் பார் போதும், 18 தாராளம். அதைவிடத் தடித்த அடிமரம் வந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் அரியலாம்.

இனிப் பல். இயந்திரத்தின் விலையில் சிறு பங்குதான் செயினுக்கு, ஆனால் வேலை முழுவதும் அதன் தலையில்தான். அந்திரேயாஸ் ஸ்டில் 1926இல் மின்சாரச் சங்கிலி வாளையும் 1929இல் பெற்றோல் வாளையும் செய்தார். தனியாள் ஒருவர் தூக்கி வேலை செய்யக்கூடிய பெற்றோல் வாள் அவரது நிறுவனத்திலிருந்து 1950இல்தான் வந்தது. அந்தக் காலச் செயின்களின் பற்கள் கைவாளின் பற்களைப் போலவே மரத்தைச் சுரண்டின, சீக்கிரம் மழுங்கின. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து மரம்வெட்டி ஜோசப் கொக்ஸ், 1946இல் ஒரு மரக்கட்டையைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். நாரின் திசையைப் பற்றிக் கவலையே இல்லாமல் புழு இடமும் வலமுமாக மாறிமாறிச் செதுக்கி முன்னேறியது. அந்தத் தாடைகளைப் பார்த்து அவர் செய்த செதுக்குப் பல்லின் வழிவந்தவைதான் இன்றைய செயின்கள்.

ஒவ்வொரு பல்லிலும் இரண்டு பகுதி உண்டு. பின்னால் இருப்பது சீவும் அலகு. முன்னால் சற்றுத் தாழ்ந்து நிற்கும் குமிழ், அலகு எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்துகிறது. இரண்டுக்கும் இடையே உயர வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்கு, அவ்வளவுதான். எஞ்சின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுச் சுற்றினால் செயின் விநாடிக்குச் சுமார் 19 மீற்றர் ஓடும். அந்த வேகத்தில் அலகின் முனை எதன்மேல் படுகிறது என்பதுதான் எல்லாம்.

அலகுகளில் இரண்டு வகை. மூலை கூராக மடிந்தது சுத்தமான பச்சை மரத்தை வெண்ணெய்போல் வெட்டும். மூலை சற்று உருண்டது வேகத்தில் கொஞ்சம் பின்தங்கும், ஆனால் காய்ந்த மரத்தையும் தூசி படிந்த பட்டையையும் தாங்கி நெடுநேரம் கூர் நிற்கும். இங்கே இரண்டாவதுதான் வேண்டும். தண்ணீரில் தாழும் பாலைக்கும் அதுதான், கடற்கரைச் சவுக்குக்கும் அதுதான். மணற்காடு, நாகர்கோவில் பக்கத்து மரங்களின் பட்டை வெடிப்புகளில் காற்று மணலை ஏற்றி வைத்திருக்கும். மணல் உருக்கைவிடக் கடினமானது. அரிய முன் கோடாலியால் பட்டையைச் செதுக்கி எறிந்தால் ஒரு தீட்டு மிச்சம்.

மணலைவிடப் பெரிய எதிரி இரும்பு. வேலிப் பூவரசிலும் கிளுவையிலும் முள்ளுக்கம்பி இழுத்து ஆணி அறைந்தவர் எப்போதோ போய்விட்டார். மரம் கம்பியை விழுங்கிக்கொண்டு தடித்துவிட்டது. மாமரத்தில் ஊஞ்சல் கொளுக்கி, வேம்பில் பெயர்ப்பலகை ஆணி. இவற்றுக்கு மேல், பல பதிற்றாண்டுப் போர் விட்டுப்போன செல் துண்டுகளும் சன்னங்களும்.

இதில் மாவும் வேம்பும் பூவரசும் ஒரு சாதி, பனையும் தென்னையும் வேறு சாதி. முதல் வகை மரங்களின் பட்டைக்குக் கீழே வளரும் படையொன்று இருக்கிறது. அது ஆண்டுதோறும் புது மரத்தைச் சேர்த்துக் காயத்தின் மேல் மூடி வளர்ந்துவிடும். 1995இல் பாய்ந்த துண்டு இன்று அரை முழ ஆழத்தில் இருக்கலாம், வெளியே ஒரு வீக்கம் மட்டும் தெரியலாம், அதுவும் தெரியாமல் போகலாம். பனைக்கு அந்தப் படை கிடையாது. அதனால் அதன் காயம் மூடுவதில்லை. துண்டு துளைத்த ஓட்டை மரம் நிற்கும் வரை ஓட்டையாகவே இருக்கும். பனை காட்டிக்கொடுக்கும், மா மறைத்து வைக்கும்.

மறைத்ததையும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். மரம் நுனியில்தான் உயர்கிறது. இடுப்பளவில் அறைந்த ஆணி எத்தனை வருடம் போனாலும் இடுப்பளவிலேயே நிற்கும். ஆகவே வேலி மரத்தில் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட பகுதிதான் சந்தேகத்துக்குரியது. அதற்கு மேலுள்ளதை முதலில் துண்டு போட்டுவிடலாம். துவர்ப்பு உள்ள மரங்களில் இரும்பு பட்ட இடம் கருநீலமாகக் கறைபடும். வெட்டுமுகத்தில் அந்தக் கறையைக் கண்டால் வாளை நிறுத்திவிட்டு ஒரு சாண் தள்ளி அரியலாம். ஒரு விடயத்தில் மட்டும் துணிச்சல் வேண்டாம்: முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. துப்புரவு செய்யப்பட்டதாக உறுதிப்படுத்தாத பற்றைக்குள் விறகுக்காக நுழையக்கூடாது.

தீட்டுவதைப் படிக்காமல் வாள் வாங்கக் கூடாது என்பது என் கட்சி. வாளிலிருந்து பறப்பது செதிலாக இருந்தால் பல் கூர். மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது. மழுங்கிய வாளை அழுத்தினால் பாரும் தேயும், கையும் தேயும். நடுத்தர வாள்களில் பரவலான .325 அளவுச் செயினுக்கு 4.8 மில்லிமீற்றர் உருண்டை அரம், 30 பாகைச் சரிவு, ஒரே திசையில் பல்லுக்கு மூன்று நான்கு இழுவை. பெற்றோல் தாங்கி ஒருமுறை காலியாகும்போதெல்லாம் செய்தால் ஐந்து நிமிட வேலை.

எண்ணெய்க் கலவையில்தான் பலர் எஞ்சினைக் கொல்கிறார்கள். நல்ல இரட்டையடிப்பு எண்ணெயை ஏற்கும் இயந்திரத்துக்கு ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர், 25க்கு ஒன்று என்று எழுதியிருக்கும் சீனத் தயாரிப்புகளுக்கு 40. இந்த மலிவு இயந்திரங்கள் 5200, 5800 என்ற எண்களோடு வருகின்றன. எண்ணைப் பார்த்து சிசியை நம்ப வேண்டாம். பெட்டியில் கிலோவாற் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், அதன் காபுரேற்றரும் கிளச்சும் யாழ்ப்பாண நகரக் கடையொன்றில் கிடைக்குமா என்பது. கிடைக்குமென்றால் வீட்டு வேலைக்கு அதுவும் உழைக்கும்.

சட்டமும் இருக்கிறது. காடழிப்பைத் தடுக்கவென்று 2017இல் சங்கிலி வாள்களைப் பொலிஸில் பதியச் சொன்னார்கள். 2019இல் அப்போதைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன இறக்குமதியையே நிறுத்தப்போவதாக அறிவித்தார். ஆகவே பழைய வாள் ஒன்றைக் கைமாற்றி வாங்குபவர், பதிவுத் துண்டைப் பார்க்காமல் காசைக் கொடுக்கக் கூடாது. வாள் சொந்தமானாலும் மரம் அப்படியல்ல: 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்த வளவிலும் அனுமதி எடுத்துத்தான் தறிக்கலாம். பிரதேச செயலகத்தில் ஒரு காலை செலவாகும்.

உடுப்பு பற்றி ஒரு வார்த்தை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு செருப்போடு வாள் பிடிப்பவர்களை எல்லா ஊரிலும் காணலாம். சாரத்தின் நுனி செயினில் சிக்குவதற்கு விநாடி தேவையில்லை. இறுக்கமான காற்சட்டை, மூடிய சப்பாத்து, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு. பாரின் நுனியின் மேற்பாதி எதிலாவது முட்டினால் வாள் முகத்தை நோக்கி எகிறும். முன் கைக்காப்போடு இணைந்த செயின் பிறேக் அதற்காகத்தான். பிறேக் வேலை செய்யாத வாள் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கட்டையை நிலத்தில் வைத்து அரியாமல், பெருக்கல் குறி வடிவில் அறைந்த தாங்கியில் ஏற்றினால் மண்ணிலும் படாது, நடுவும் முறியாது.

வருடத்துக்கு ஒரு மரம் மட்டும் விழும் வீட்டுக்கு வாள் வைத்திருப்பவரைக் கூலிக்குக் கூப்பிடுவதே லாபம். வாங்குபவர்கள் முதல் நாளே இரண்டு செயினாக வாங்க வேண்டும். ஒன்று பல் தேய்ந்து அரைவாசியானதும் எறிந்துவிடாமல் எடுத்து வைத்தால், கம்பி விழுங்கிய வேலிப் பூவரசுக்கு அதைப் பூட்டலாம்.