ஏழு பேரின் கையில் நீதி

கொச்சிக்கடையிலிருந்து புதுக்கடை நீதிமன்ற வளாகம் நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளது. ஆயினும், அங்கே ஜூரி சபை முன்னிலையில் விசாரிக்கப்படும் வழக்கொன்றில் முடிவு கூறும் ஏழு பேரும் எவ்வாறு தெரிவு செய்யப்படுகின்றனர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால் 1811ஆம் ஆண்டளவில் இம்முறை இலங்கையில் அறிமுகமானது. தன்னைப் புரிந்துகொள்ளக்கூடிய தன் நாட்டவர் முன் ஒருவர் விசாரிக்கப்பட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இன்று நடைமுறையிலிருப்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை ஆகும். மேல் நீதிமன்ற வழக்குகளை பொதுவாக நீதிபதியே விசாரிப்பார். சட்டத்தில் குறிப்பிடப்பட்ட பாரதூரமான குற்றங்களில், எதிரி கோரினால் மட்டுமே ஜூரி சபை அமைக்கப்படும்.

ஜூரர் பட்டியல்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மொழிவாரியாக உள்ளன. எந்த மொழிப் பட்டியலிலிருந்து ஜூரர்கள் தெரிவாக வேண்டும் என்பதை எதிரியே தீர்மானிப்பார். அழைக்கப்பட்டவர்களிலிருந்து எழுவர் தெரிவு செய்யப்படுவர். இரு தரப்பினரும் ஜூரர்களை ஆட்சேபிக்கலாம். எழுவரில் ஐவரேனும் உடன்பட்டால் அதுவே தீர்ப்பாகும்.

பாதிக்கப்பட்டவருக்கு இத்தெரிவில் எந்த உரிமையும் இல்லை. இதன் கசப்பை 2016ஆம் ஆண்டில் நாம் கண்டோம். 1996 பெப்ரவரியில் திருகோணமலை மாவட்டத்தின் குமாரபுரத்தில் 20க்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கு அநுராதபுரத்தில் விசாரிக்கப்பட்டது. 2016 ஜூலையில் இராணுவத்தினர் அறுவர் விடுதலையாகினர். 2006 நவம்பர் 10ஆம் திகதி கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்ட பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கிலும், 2016 டிசம்பர் 24ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளையில் எதிரிகள் ஐவரும் விடுவிக்கப்பட்டனர். இரு வழக்குகளிலும் சிங்களம் பேசும் ஜூரர்களே இருந்தனர். ரவிராஜ் வழக்கில் அவரது குடும்பத்தினர் சார்பில் எழுப்பப்பட்ட ஆட்சேபம் ஏற்கப்படவில்லை.

அந்த ஜூரர்கள் பக்கஞ் சார்ந்தனர் என நாம் கூற முன்வரவில்லை. அவர்களின் மனச்சாட்சியை அளக்கும் கோல் எம்மிடம் இல்லை. ஆனால், நீதிபதி தன் தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டும். ஜூரர்கள் எழுத வேண்டியதில்லை. காரணம் கூறப்படாத தீர்ப்பில் மக்கள் நம்பிக்கை வைப்பதற்கு, தீர்ப்பளித்தோர் தெரிவான முறையே ஒரே ஆதாரம். அந்தத் தெரிவு ஒரு தரப்பின் விருப்பத்தில் மட்டும் தங்கியிருக்குமாயின் நம்பிக்கை எங்ஙனம் பிறக்கும்?

இதற்காக ஜூரி முறையையே ஒழித்துவிட வேண்டும் என்பது அவசர முடிவாகும். தமிழ் பேசும் ஜூரர்களைக் கோரும் உரிமை, நாளை கூண்டில் நிற்கக்கூடிய ஒரு தமிழருக்கும் முஸ்லிமுக்கும் உரிய பாதுகாப்பும் ஆகும். அதனை நாமே கைவிடலாகாது.

வழி சட்டத்திலேயே உண்டு. நீதிமன்றம் வேறுவிதமாகப் பணித்தாலன்றி என்ற நிபந்தனையுடனேயே எதிரியின் தெரிவுக்கு இடமளிக்கப்பட்டுள்ளது. இனமுரண்பாட்டுடன் தொடர்புடைய வழக்குகளில் இவ்வதிகாரம் தயக்கமின்றிப் பயன்படுத்தப்பட வேண்டும். பாதிக்கப்பட்டோரின் கருத்தைக் கேட்பதும் சட்டக் கடப்பாடாக்கப்பட வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒருவருக்கு ஜூரர் அழைப்பாணை கிடைத்தால், தொழிலைக் காரணங் காட்டி ஒதுங்குவது நல்லதன்று. நாம் வெறுமையாக விடும் ஆசனத்தில் வேறொருவர் அமர்வார். பின்னர் தீர்ப்பைக் குறைகூறிப் பயனில்லை.